கொழுப்பிறக்கும் தொட்டி

கடைத்தெருவே காலைக் கழுவிக்கொண்டு கிளம்பியது. எங்கே? உருக்கம்மாவைப் பார்க்க.

உருக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, பக்தர்கள் சூட்டியது. அந்த அம்மாள் உடம்பிலிருக்கும் கொழுப்பை உருக்கிக் கால் வழியாக இறக்கிவிடுவாராம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. படிப்பும் கிடையாது. ஒரு கறுப்புத் தொட்டி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு கூஜா மந்திரித்த நீர், அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பிணத்தை அறுத்துப் படித்தவர்களெல்லாம் பைத்தியக்காரர்கள்!

மூடிப்போன ஒரு மெத்தைக் கடையின் மாடிதான் சந்நிதானம். சுவரில் பழைய விளம்பரம் அப்படியே இருந்தது: 'படுத்தவுடன் தூக்கம்!' வெள்ளையடித்தவர்கள் அதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். உள்ளே வருகிறவர்களின் மூளைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

வரிசை மாடிப்படியில் தொடங்கி, கீழே பேக்கரியைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. நிற்கிறவர்கள் கை சும்மா இருக்குமா? பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட் வாங்கித் தின்றபடியே கொழுப்பை இறக்கப் போனார்கள். பேக்கரிக்காரரைப் போல உருக்கம்மாவின் மகிமையை உணர்ந்தவர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். நாற்காலியில் உட்கார வேண்டும். வலது காலைத் தொட்டித் தண்ணீரில் வைக்க வேண்டும். முழங்காலிலிருந்து தொட்டி விளிம்பு வரை துணியால் மூடிவிடுவார்கள். கொழுப்பு வெளியேறும்போது வெளிச்சம் பட்டால் அது வெட்கப்பட்டுத் திரும்பி உள்ளே போய்விடுமாம்! உருக்கம்மா கண்ணை மூடி முணுமுணுத்து, கூஜாவிலிருந்து மந்திரித்த நீரை ஊற்றுவார். சற்று நேரத்தில் துணியை விலக்கினால், கறுப்புத் தொட்டியில் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாகக் கொழுப்பு மிதக்கும்.

"ஐயோ! இத்தனையுமா என் உடம்புல இருந்தது?" என்று வந்தவர் அலறுவார்.

"இன்னும் இருக்கு. அடுத்த வாரமும் வா" என்பார் உருக்கம்மா.

இந்த வரிசையில் ஒரு நாள் ஒரு தகப்பனும் தாயும், ஈர்க்குச்சி போன்ற அவர்கள் மகளும் வந்து நின்றார்கள்.

தகப்பன் ஆயுள் காப்பீட்டு முகவர். 'உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று ஊரையெல்லாம் பயமுறுத்திச் சோறு தின்கிறவர். தாய் பள்ளிச் சீருடை தைப்பவள். மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப்பந்தயம் என்றால் பள்ளியில் அவள் முதுகைத்தான் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். காரணம் பரம்பரை. முகவரின் அண்ணனுக்கு இளம் வயதிலேயே ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டபோது, "குடும்பத்துல எல்லாரும் ரத்தம் பாருங்க, முக்கியமா பிள்ளைங்க" என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்குப் பார்த்தார்கள். முகவர் மட்டும் தனக்குப் பார்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை. ஊராரின் இதயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்குச் சொந்த இதயத்துக்கு ஏது நேரம்?

குழந்தை மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிற அம்மாள். "இந்தப் பிள்ளை என்ன தின்னுச்சுன்னு வந்தது இல்லம்மா இது" என்று தாயிடம் சொன்னார். "கொலஸ்ட்ரால நாம தின்னு மட்டும் சேர்க்கல, ஈரலே தயார் பண்ணுது. மிஞ்சினதை ரத்தத்துலேர்ந்து திரும்ப உள்ள இழுத்துக்க ஈரல்ல கதவு மாதிரி இருக்கு. இவளுக்குப் பிறவியிலேயே அதுல பாதிக் கதவு வேலை செய்யல."

"அப்போ சாப்பாட்டைக் குறைச்சாப் போதுமா டாக்டர்?"

"குறைக்கணும்னு சொல்லல, மாத்தணும். நெய், வெண்ணெய், கொழுப்புள்ள கறி, பேக்கரிச் சாமான் இதெல்லாம் கம்மி பண்ணுங்க. காய், பழம், பருப்பு, ஓட்ஸ் நிறையக் குடுங்க. அதுல கொஞ்சம் இறங்கும். பத்துல ஒரு பங்கு இறங்கினாலே நல்லது. மீதிக்கு மாத்திரை வேணும். சாப்பாடும் வேணும், மாத்திரையும் வேணும். பட்டினி மட்டும் போட்றாதீங்க, வளர்ற பிள்ளை."

எவ்வளவு தெளிவான பேச்சு! அதுதான் அதில் இருந்த குறை. முகவருக்குத் தெளிவான பேச்சில் நம்பிக்கை கிடையாது. 'பத்தில் ஒரு பங்கு' என்கிறவரை விட 'முழுசாக எடுத்துவிடுகிறேன்' என்கிறவர்தானே பெரிய வைத்தியர்?

உருக்கம்மா வாலுவின் காலைப் பார்க்கவில்லை. யாருடைய காலையும் அவர் பார்ப்பதில்லை. வருகிறவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு பையைப் பார்ப்பார். தொட்டியில் திரி மிதந்ததும், தாயின் பக்கம் திரும்பினார்.

"வயித்துல இவ இருக்கும்போது நீ என்ன தின்ன?"

தாய் திடுக்கிட்டாள். "எல்லாரும் திங்கிறதுதான்..."

"நாக்கை அடக்காம தின்னுருக்க. உன் நாக்கு பண்ண பாவம், பிள்ளை ரத்தத்துல நிக்குது."

தாயின் கண் நிரம்பியது. முகவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற பார்வை. அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு ஆதாரம் தேவையில்லை.

"மாத்திரை குடுக்கறீங்களா?" என்றார் உருக்கம்மா.

"ஆமாம்மா. இப்பதான் ஆரம்பிச்சோம்."

"நிறுத்து. மாத்திரை கொழுப்பை உள்ளேயே உறைய வச்சிரும். வேகவச்ச காயும் வெந்நீரும் மட்டும் குடு. ராத்திரி படுக்கும்போது இந்த அமுத உருண்டை ஒண்ணு."

அமுத உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீடு போய்ச் சேருமுன் காகிதம் எண்ணெயில் ஊறி, கண்ணாடி போல ஆகிவிட்டது. தாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுவே கொழுப்பு மாதிரில்ல இருக்கு?"

"இது நல்ல கொழுப்பு. உள்ள போய்க் கெட்ட கொழுப்பை வெளியே துரத்தும். கேட்டுட்டுதான் வந்தேன்" என்றார் முகவர்.

திருடனைப் பிடிக்கத் திருடனையே வீட்டுக்குள் அனுப்புகிற இந்த வைத்திய முறையை எந்த நாட்டுக் காவல்துறையும் இதுவரை பின்பற்றவில்லை. பாவம், அவர்களுக்கு ஞானம் போதாது.

வாரங்கள் ஓடின. வாலு ஓடவில்லை. பகலெல்லாம் வெந்த காயும் வெந்நீரும், இரவில் நெய் வழிகிற உருண்டை. தாய் அவளுடைய சீருடைப் பாவாடையின் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அது மறுபடியும் நழுவியது. மறுபடியும் பிடித்துத் தைத்தாள். தொட்டியிலோ வாராவாரம் திரி குறைந்துகொண்டே வந்தது. முகவர் குதூகலித்தார்.

"பார்த்தியா? போன வாரம் கை நிறைய வந்தது, இந்த வாரம் ஒரு ஸ்பூன்தான்!"

கூஜாவைச் சாய்க்கிற கை தன் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கண் தொட்டியில் இருந்தது. கூஜாவில் இல்லை. உருக்கம்மாவின் தொழிலே அந்த இடைவெளியில்தான் நடந்தது.

பள்ளி விளையாட்டு விழா வந்தது. வாலு கோட்டில் நின்றாள். விசில் ஊதியது. பாதித் தூரம் கூடப் போகவில்லை, கண் இருட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தாள். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. தாய் ஓடிப் போய்த் தூக்கினாள். கையில் கனமே தெரியவில்லை.

"அம்மா, பசிக்குதும்மா" என்றாள் பிள்ளை. "அப்பாகிட்ட சொல்லிடாத."

அன்று சாயங்காலம் தாய் இரண்டு காரியம் செய்தாள். பிள்ளைக்கு வயிறு நிறையச் சோறும் பருப்பும் போட்டாள். பிறகு கணவனின் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், நீங்க உடனே வரணும்" என்றாள்.

வாலுவின் பெரியப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறார். காரணம், அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். தோல் நிறத்தில், விரல் நகம் வரைக்கும் அச்சு அசலாகச் செய்த கால். ரயில்வேக்காரர் என்பதால் பார்க்கிறவர்கள் உடனே, "ரயில் ஏறிடுச்சா சார்?" என்று கேட்பார்கள்.

"இல்ல, கொழுப்பு ஏறிடுச்சு" என்பார். திமிரைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. காலுக்குப் போகிற ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து, விரலில் தொடங்கிய கறுப்பு மேலே ஏறி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

வந்ததும் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக் கொண்டார். நடந்ததையெல்லாம் கேட்டார். தாய் கடைசியில் அடக்க முடியாமல் அழுதாள்.

"நான் தின்னதுதான் காரணம்னு சொல்லிட்டாங்க அத்தான். நானே என் பிள்ளையை..."

"நிறுத்தும்மா" என்றார் பெரியப்பா. "எங்க அப்பா குளிக்கப் போன இடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. அப்ப அவருக்கு என் வயசு கூட இல்ல. எனக்குக் கால் போச்சு. அதெல்லாம் நீ தின்னதாலயா? நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இது இங்க குடியிருக்கு. இது எங்க வீட்டுச் சொத்தும்மா. உன் மேல ஒரு பழியும் இல்ல."

மறுநாளே பிள்ளையை மருத்துவரிடம் காட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இருந்ததை விடவும் அதிகம்! மருத்துவர் அமுத உருண்டையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல முக்கால்வாசி நெய். கொழுப்பு இறங்கணும்னு நெய்யை ஊட்டுனீங்களா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் முகவரிடம் நீட்டினார் அண்ணன். முகவர் அதைத் தொடக்கூட இல்லை.

"அண்ணே, காகிதத்துல யாரு வேணா எதை வேணா அடிக்கலாம். நான் என் கண்ணால பார்த்தேன். தொட்டியில கொழுப்பு மிதந்தது."

காலமெல்லாம் காகிதத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற மனிதர் பேசுகிற பேச்சு!

அண்ணன் கோபப்படவில்லை. "சரிடா தம்பி. கண்ணால பார்த்ததுதான் உனக்குக் கணக்குன்னா, நானும் என் கண்ணால பார்க்கறேன். எனக்கும் கொழுப்பு இறக்கணும். கூட்டிட்டுப் போ."

முகவர் நெகிழ்ந்து போனார். "இது முன்னாடியே தோணிருந்தா உங்க கால் போயிருக்காதேண்ணே" என்றார்.

அடுத்த அமர்வில் நால்வரும் போனார்கள். மாடி முழுக்க ஜனம். இருமலும் வேர்வையும் ஊதுவத்திப் புகையும். பெரியப்பா முழுக்கால் சட்டை போட்டு, செருப்பை வாசலில் விட்டு, தம்பி தோளைப் பிடித்து மெல்ல நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தபோது, "நம்பிக்கை இருக்குல்ல? சும்மா இரு" என்று அடக்கினார். உதவிக்கு நின்ற பெண் வழக்கம்போலத் துணியை விரித்தாள். அவர் துணிக்கு அடியில் தானே கால்சட்டையைச் சற்றே மேலேற்றி, வலது காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார்.

உருக்கம்மா வந்தார். முகத்தைப் பார்த்தார். பெரியப்பா கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். திருப்தியடைந்தார்.

"இந்தக் கால்ல என்ன தொந்தரவு?"

"ரொம்ப நாளா உணர்ச்சியே இல்லீங்கம்மா."

"கொழுப்பு அடைச்சிருக்கு. அதான் மரத்துப் போச்சு. நடக்கும்போது கனமா இருக்கா?"

"வேற யாரோட காலையோ மாட்டிட்டு நடக்கற மாதிரி இருக்கு."

"சரியாச் சொன்ன! கால்ல ரத்த ஓட்டமே இல்ல."

"அது நூத்துக்கு நூறு உண்மைங்கம்மா" என்றார் பெரியப்பா பணிவாக. வாலு வாயைப் பொத்திக்கொண்டாள்.

உருக்கம்மா கண்ணை மூடினார். முணுமுணுத்தார். கூஜாவைச் சாய்த்தார். புதுக் கிராக்கி அல்லவா, தாராளமாகவே சாய்த்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது. துணியை விலக்கினார்கள்.

தொட்டி முழுக்க வெள்ளைத் திரி! மிதந்தது, மொய்த்தது, விளிம்பில் ஒட்டியது.

"பாருங்க!" உருக்கம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது. "இதுவரைக்கும் இந்த இடத்துல இவ்வளவு இறங்கினதில்ல. மூணு தலைமுறைக் கொழுப்பு இந்தக் கால்ல இருந்திருக்கு! இப்ப எப்படிப்பா இருக்கு? பாரம் குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்குங்கம்மா. காலே இல்லாத மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டுப் பெரியப்பா குனிந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். ஒரு வாரை அவிழ்த்தார், ஒரு பொத்தானை அழுத்தினார். காலைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்ட, உருக்கம்மாவின் முன்னாலிருந்த மேசையில் நிறுத்தினார்.

ஒரு பெண்மணி வீலென்று கத்தினாள்.

"பிளாஸ்டிக்குங்க" என்றார் பெரியப்பா. "என் சொந்தக் காலை எடுத்து வருஷக்கணக்காச்சு. இது தொழிற்சாலையில செஞ்சது. இதுக்கு அப்பா கிடையாது, பாட்டன் கிடையாது. இது நெய் சாப்பிட்டதும் இல்ல. நீங்க சொன்ன மூணு தலைமுறைக் கொழுப்பு யாரோடதுன்னு இந்த ஜனங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

உருக்கம்மா தடுமாறினார். ஆனால் தொழில்காரி. "உன் அவநம்பிக்கைதான் கொழுப்பா வெளியே வந்திருக்கு. அது எந்தக் கால் வழியாவும் வரும்!"

கூட்டத்தில் நாலைந்து தலை ஆடியது. ஆமாம், சத்தியமாக ஆடியது.

அதற்குள் வாலு பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். அங்கே அடுத்த ஆளுக்காகத் தண்ணீர் நிரப்பிய தொட்டி காத்திருந்தது. நாற்காலி காலி. கூஜாவை இரண்டு கையாலும் தூக்கி, மந்திரம் கிந்திரம் இல்லாமல் மடமடவென்று ஊற்றினாள்.

"அப்பா! இங்க யாரோட காலுமே இல்லப்பா! இதுலயும் வருது!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் திரி மிதந்தது.

தாய் கூஜாவை வாங்கி முகர்ந்தாள். பன்னீர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. விரலைவிட்டுத் தேய்த்தாள். வழுக்கியது. நுரைத்தது.

"சோப்புத் தண்ணி!"

அவ்வளவுதான் விஷயம். தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து தெளியவைத்திருந்தார்கள். கூஜாவில் சோப்பைக் கரைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் திரிந்து மிதக்கும். உப்புத் தண்ணீரில் துணி துவைக்கிற எல்லோரும் தங்கள் வீட்டு வாளியில் இந்த 'மூன்று தலைமுறைக் கொழுப்பை' ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள். வீட்டில் அதைச் சாக்கடையில் கொட்டினார்கள். இங்கே வந்து கைகூப்பினார்கள்.

கூச்சலும் குழப்பமும் எழுந்தன. யாரோ உருண்டை டப்பாவைத் தூக்கி எறிந்தார்கள். யாரோ நாற்காலியை உடைத்தார்கள். அந்த அமளியில் உருக்கம்மா பின்பக்கப் படி வழியாக இறங்கினார். அங்கே அவருக்கு முன்பே பேக்கரிக்காரர் நின்றிருந்தார். உண்மையின் மீதுள்ள பற்றினால் அல்ல. உருண்டை பிடிக்க உருக்கம்மா வாரக்கணக்கில் கடனாகத் தூக்கிப் போன நெய் டின்களுக்காக! பிடித்த பிடியைப் போலீஸ் வரும்வரை அவர் விடவில்லை.

வெளியே வரும்போது படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு இறங்கினார்கள்.

"என்ன இருந்தாலும், பிளாஸ்டிக்லேர்ந்தே கொழுப்பை எடுத்துட்டாங்களே! சாதாரணப்பட்ட சக்தியா அது?"

முகவர் இதைக் கேட்டார். முன்பு என்றால் அவரும் தலையாட்டியிருப்பார். இப்போது மகளின் உரிந்த முழங்கையைப் பார்த்தபடி நின்றார். "ஏம்மா, பசிக்குதுன்னு என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா அம்மாவைத் திட்டுவீங்க" என்றாள் வாலு.

மறுநாள் முகவர் தானே மருத்துவமனைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மகளுடையதற்குச் சற்றும் குறையாத கொலஸ்ட்ரால்! பிள்ளைக்குப் பாதிக் கதவைப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். தாயின் நாக்கு அல்ல. வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் உன்னை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது" என்றார்.

"எப்படி?" என்றாள் அவள், தைப்பதை நிறுத்தாமல்.

"அந்த... 'அப்பவே சொன்னேன்'னு."

"ஓ, அதுவா. நீங்க எப்பவுமே அப்படித்தான் பார்ப்பீங்க" என்றாள். ஆனால் இயந்திரம் நின்றது.

இப்போது தகப்பனும் மகளும் சேர்ந்தே மாத்திரை போடுகிறார்கள். வீட்டில் நெய் டப்பா அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. காயும் பருப்பும் பழமும் கீழே இறங்கி வந்துவிட்டன. சாப்பாடு தன் பங்குக்குக் கொஞ்சம் இறக்கியது. மாத்திரை தன் பங்குக்கு நிறைய இறக்கியது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அதனால்தான் இதைப் பார்க்க மாடிப்படியில் யாரும் வரிசையில் நிற்பதில்லை.

வாலுவின் பாவாடையைத் தாய் பிரித்து, இடுப்பைப் பெரிதாக்கித் தைத்திருக்கிறாள். வாலு மருத்துவரையும் சும்மா விடுவதில்லை. "இந்த மாத்திரை எப்படி வேலை செய்யுது? நான் எதுக்கு அதை நம்பணும்?" என்று கேட்டுத் துளைக்கிறாள். மருத்துவர் கோபப்படாமல் படம் போட்டுக் காட்டுகிறார். கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கும், கேள்வியையே பாவம் என்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது.

பெரியவர்களே, உங்களுக்கு? அடுத்த தெருவில் வேறொரு மாடி வாடகைக்குப் பிடித்தாயிற்று, வேறொரு தொட்டியும் வாங்கியாயிற்று என்று கேள்வி. காலை நீட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு கேள்வியை நீட்டிப் பாருங்கள். கால் போனால் பிளாஸ்டிக்கில் செய்து மாட்டிக்கொள்ளலாம். கழற்றிக் கொடுத்துவிட்ட தலைக்கு மாற்றுத் தலை எந்தத் தொழிற்சாலையிலும் செய்வதில்லை.